இருமை எதிர்வு

இருமை எதிர்வு என்பது ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தப்பட்டு, அந்த எதிர்நிலையாலேயே பொருள் பெறும் இரு கருத்துகள், சொற்கள் அல்லது உருவங்களின் இணை ஆகும். நன்மை–தீமை, ஒளி–இருள், நாடு–காடு, ஆண்–பெண், நாம்–பிறர் என்பன பரவலாக அறியப்பட்ட இருமை எதிர்வுகள். முரணிணை, எதிரிணை ஆகிய சொற்களாலும் இது குறிக்கப்படுவதுண்டு.

அமைப்பியல் என்னும் சிந்தனை முறையின் அடிப்படைக் கருத்துருக்களில் இதுவும் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழியியலில் வேர்கொண்ட இக்கருத்து, பின்னர் மானிடவியலுக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் சென்றது. 1960களிலிருந்து திரைப்படம், விளம்பரம், செய்தி ஆகியவற்றை ஆராயும் ஊடகவியலிலும் இடம்பெற்றது. ஓர் ஊடகப் படைப்பு எதைச் சொல்கிறது என்பதோடு, எதை எதற்கு எதிராக வைத்துச் சொல்கிறது என்றும் கேட்பது இம்முறையின் இயல்பு. உலகை இரண்டாகப் பிரிக்கும்போது அவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று பார்வையிலிருந்து மறைவதுண்டு. அதனைக் கண்டறிவதற்கும் இம்முறை பயன்படுகிறது.

மொழியியலில் தோற்றம்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பெர்டினாண்ட் டி சோசூர் (1857–1913) அமைப்பியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஜெனீவாவில் அவர் ஆற்றிய விரிவுரைகள், மாணவர்கள் எடுத்த குறிப்புகளைக் கொண்டு தொகுக்கப்பட்டு, அவரது மறைவுக்குப் பின் 1916இல் நூலாக வெளிவந்தன. மொழியில் உள்ள ஒவ்வொரு குறியும் குறிப்பான், குறிப்பீடு என்னும் இரு கூறுகளால் ஆனது என்று அவர் விளக்கினார். குறிப்பான் என்பது ஒலி வடிவம். குறிப்பீடு என்பது அது சுட்டும் கருத்து. இவ்விரண்டுக்கும் இடையே இயற்கையான தொடர்பு எதுவும் இல்லை. மரத்திற்கு 'மரம்' என்னும் ஒலி வாய்த்தது வழக்கினால் மட்டுமே. அவ்வாறெனில் ஒரு குறி தன் பொருளை எங்கிருந்து பெறுகிறது என்னும் கேள்வி எழுகிறது. அதே மொழியில் உள்ள மற்றக் குறிகளிலிருந்து அது வேறுபடுவதனால் பெறுகிறது என்பதே சோசூரின் விடை.

இதனைத் தமிழைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வலி, வழி, வளி ஆகிய மூன்று சொற்களும் ஓர் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு நோவு, பாதை, காற்று என மூன்று வெவ்வேறு பொருள்களைத் தருகிறது. மறுபுறம், 'கல்' என்னும் சொல்லிலும் 'தங்கம்' என்னும் சொல்லிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கிறது. ஆயினும் அவ்வேறுபாடு தமிழில் சொற்பொருளை மாற்றுவதில்லை என்பதால் ஓர் எழுத்தே போதுமானதாக உள்ளது. இந்தியில் அவ்விரு ஒலிகளும் சொற்பொருளை மாற்றுவன. அங்கு அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. எந்த வேறுபாடு பொருளுடையது என்பதை ஒவ்வொரு மொழியின் அமைப்பும் தானே முடிவு செய்கிறது.

உருசிய மொழியியலாளர்களான நிக்கொலாய் துருபெத்ஸ்கோய் (1890–1938), ரோமன் யாக்கோப்சன் (1896–1982) ஆகியோர் இக்கருத்தை ஒலியியலில் வளர்த்தெடுத்தனர். ஒரு பண்பு இருக்கிறதா இல்லையா என்னும் இணைகளின் தொகுப்பாக ஒலிகளை விளக்கலாம் என்று யாக்கோப்சன் காட்டினார். இதன் வழியே வேறுபாடு என்னும் பொதுக் கருத்து, இருமை எதிர்வு என்னும் குறிப்பான வடிவத்தைப் பெற்றது.

குறியுற்றதும் குறியற்றதும்

எதிர்வின் இரு பக்கங்களும் எப்போதும் சமமாக இருப்பதில்லை. ஒன்று இயல்பானதாகவும், மற்றது ஏதேனும் ஓர் அடையாளம் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியதாகவும் அமைகின்றன. முன்னது குறியற்றது என்றும் பின்னது குறியுற்றது என்றும் அழைக்கப்படுகின்றன.

தமிழ் இலக்கணத்தின் திணைப் பாகுபாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பெயர்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரிக்கிறது. அஃறிணை என்னும் சொல், 'அல்' என்னும் எதிர்மறையும் 'திணை' என்பதும் சேர்ந்து ஆனது. மரமும் மாடும் கல்லும் கடலும் தமக்குள் பெரிதும் வேறுபட்டவை எனினும், உயர்திணை அல்லாதவை என்னும் ஒரே காரணத்தால் ஒரு வகுப்பில் வைக்கப்படுகின்றன. இவ்விணையின் ஒரு பக்கத்தை மறுப்பதன் மூலமே மறுபக்கம் வரையறுக்கப்படுகிறது.

இன்றைய ஊடக மொழியிலும் இதனைக் காணலாம். 'மருத்துவர்', 'ஓட்டுநர்', 'காவல் அதிகாரி' என்று எழுதினால் ஆண் என்று வாசகர் கொள்வதும், பெண்ணாயின் 'பெண் மருத்துவர்', 'பெண் ஓட்டுநர்' என்று தலைப்பில் குறிப்பிடப்படுவதும் வழக்கமாக உள்ளன. செய்திக்கும் பாலினத்திற்கும் தொடர்பு இல்லாத இடங்களிலும் இவ்வடை சேர்க்கப்படும்போது, எது இயல்பு, எது விலக்கு என்பதையும் அத்தலைப்பு உடன் சொல்லிவிடுகிறது.

ஓர் எளிய விளக்கம்: போக்குவரத்து விளக்கு

பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச், 1970இல் எழுதிய நூலில் போக்குவரத்து விளக்கைக் கொண்டு இக்கருத்தை விளக்கினார். நிறமாலையில் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிச் செல்கின்றன. மனிதர் அத்தொடர்ச்சியை வெட்டி, சிவப்பு, பச்சை என்னும் இரண்டை எதிரெதிராக நிறுத்தி, ஒன்றுக்கு 'நில்' என்றும் மற்றதற்குச் 'செல்' என்றும் பொருள் கொடுத்தனர். இடைப்பட்ட நிலைக்குக் குறி தேவைப்பட்டபோது, நிறமாலையில் அவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள மஞ்சளைத் தேர்ந்தெடுத்தனர். நிறங்களுக்கு இடையே உள்ள உறவும், கட்டளைகளுக்கு இடையே உள்ள உறவும் ஒரே வடிவில் அமைந்துள்ளன.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. எதிர்வுகள் இயற்கையில் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. தொடர்ச்சியான ஒன்றை வெட்டுவதனால் உண்டாகின்றன. வெட்டியபின், வெட்டுப்பட்ட இடத்தை இணைப்பதற்கு இடைநிலை ஒன்று தேவைப்படுகிறது.

தொன்மங்களில் இருமை எதிர்வு

பிரெஞ்சு மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ராஸ் (1908–2009), இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்கில் யாக்கோப்சனைச் சந்தித்தார். மொழியியலின் முறையைத் தொன்மக் கதைகளுக்கும் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் அதன்பின் அவரிடம் உருவானது. தொன்மங்களின் அமைப்பியல் ஆய்வு குறித்த அவரது கட்டுரை 1955இல் வெளிவந்தது. பச்சையானது–சமைத்தது என்னும் எதிர்வைத் தலைப்பாகக் கொண்ட அவரது நூல் 1964இல் வெளியாயிற்று. பச்சை உணவு இயற்கையையும் சமைத்த உணவு பண்பாட்டையும் குறிக்க, நெருப்பு இரண்டுக்கும் இடையே நிற்பதைத் தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கதைகளைக் கொண்டு அந்நூல் ஆராய்கிறது.

ஒரு சமூகம் தன் வாழ்வில் தீர்க்க இயலாத முரண்பாட்டைக் கதையில் கையாள்கிறது என்பது லெவி-ஸ்ட்ராஸின் கருத்து. வாழ்வு–சாவு என்னும் முரண்பாட்டை எவராலும் தீர்க்க முடியாது. எனவே கதை அதனைச் சற்று மென்மையான வேறோர் இணையாக மாற்றுகிறது. புல் தின்னும் விலங்கு, வேட்டை விலங்கு என்பது அத்தகைய இணை. இவ்விரண்டுக்கும் நடுவில் செத்த விலங்கைத் தின்னும் உயிரினம் வருகிறது. வேட்டை விலங்கைப் போல அது இறைச்சி உண்கிறது; புல் தின்னியைப் போலத் தன் உணவைக் கொல்லாமல் இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதைகளில் கயோட்டி என்னும் ஓநாயினமும் அண்டங்காக்கையும் தந்திரக்காரப் பாத்திரங்களாக வருவதை அவர் இவ்வாறு விளக்கினார். எதிரெதிர் பக்கங்களின் பண்புகளைத் தன்னிடம் கொண்டு இடையில் நிற்கும் இத்தகைய பாத்திரம் இடையீட்டாளர் எனப்படுகிறது.

திரைப்படத்தில்: அமெரிக்க மேற்கத்தியப் படங்கள்

இருமை எதிர்வைக் கொண்டு மிகுதியாக ஆராயப்பட்ட திரைப்பட வகை, அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வெள்ளையர் குடியேறிய காலத்தைக் களமாகக் கொண்ட மேற்கத்தியப் படங்கள் ஆகும். 1969இல் ஜிம் கிட்செஸ் இவ்வகைப் படங்களின் எதிர்வுகளை ஒரு பட்டியலாகத் தந்தார். அதன் தலையாய இணை காடு–நாகரிகம் என்பதாகும். தனிமனிதன்–சமூகம், இயற்கை–பண்பாடு, மேற்கு–கிழக்கு முதலிய இணைகள் அதன்கீழ் அமைகின்றன. இப்பட்டியலில் எந்தப் பக்கமும் நிலையாக நன்மையாகவோ தீமையாகவோ இருப்பதில்லை. காடு ஒரு படத்தில் விடுதலையைக் குறிக்கலாம். மற்றொன்றில் கொடுமையைக் குறிக்கலாம்.

வில் ரைட் என்னும் ஆய்வாளர் 1975இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவிலும் கனடாவிலும் குறைந்தது 40 இலட்சம் டாலர் ஈட்டிய மேற்கத்தியப் படங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பெருந்தொகையான மக்கள் விரும்பிய கதைகளிலேயே சமூகத்தின் எண்ணம் தெளிவாக வெளிப்படும் என்று அவர் கருதினார். அப்படங்களில் நான்கு அடிப்படை எதிர்வுகள் இருப்பதாக அவர் கண்டார்:

* சமூகத்திற்கு உள்ளே – வெளியே
* நல்லவர் – தீயவர்
* வலியவர் – எளியவர்
* காடு – நாகரிகம்

ஷேன் (1953)

ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய ஷேன், இந்நான்கு எதிர்வுகளும் தெளிவாக அமைந்த படமாகும். வயோமிங்கில் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் சிறு உழவர்கள் வேலியிட்டுக் குடியேறியுள்ளனர். மாட்டு மந்தைகளின் உரிமையாளரான ரைக்கர் அவர்களை வெளியேற்ற முயல்கிறார். மலைப்பக்கத்திலிருந்து குதிரையில் வரும் ஷேன், ஜோ ஸ்டாரெட் என்னும் உழவரின் வீட்டில் தங்கி வேலை செய்கிறார். ரைக்கர், வில்சன் என்னும் துப்பாக்கி வீரரைக் கூலிக்கு அமர்த்துகிறார். இறுதியில் ஷேன் வில்சனையும் ரைக்கரையும் சுட்டு வீழ்த்திவிட்டு, ஸ்டாரெட்டின் சிறுவன் திரும்பி வருமாறு அழைக்க, தனியே புறப்பட்டுச் செல்கிறார்.

உழவர்கள் நல்லவர்கள், ஆனால் எளியவர்கள். ரைக்கரின் ஆட்கள் வலியவர்கள், ஆனால் தீயவர்கள். நன்மையும் வலிமையும் ஒருங்கே அமைந்தவர் ஷேன் ஒருவரே. காடு–நாகரிகம் என்னும் எதிர்வு அவரை மற்ற அனைவரிடமிருந்தும் பிரிக்கிறது. உடை இவ்வெதிர்வுகளைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. ஷேன் வரும்போது மான்தோல் உடை அணிந்திருக்கிறார். உழவருடன் வாழத் தொடங்கியதும் அவர்களைப் போன்ற துணி உடைக்கு மாறுகிறார். இறுதிச் சண்டைக்குச் செல்லும்போது மீண்டும் மான்தோல் உடையை அணிகிறார். வில்சன் கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கையுறையும் அணிகிறார்.

ஷேன் ஏன் போகவேண்டும் என்னும் கேள்விக்கு லெவி-ஸ்ட்ராஸின் இடையீட்டாளர் என்னும் கருத்து விடை தருகிறது. உழவரின் அமைதியான வாழ்வைக் காப்பதற்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது. ஆனால் துப்பாக்கி இருக்கும் இடத்தில் அவ்வாழ்வு நிலைக்காது. வன்முறையால் வன்முறையை முடிக்கும் ஒருவர் அதன்பின் ஊருக்குள் இருந்தால் முரண்பாடு தீராது. அவரை வெளியேற்றுவதன் மூலம் கதை அதனைத் தீர்த்ததாகக் காட்டுகிறது.

காலந்தோறும் மாறும் எதிர்வுகள்

எதிர்வுகள் அப்படியே இருந்தாலும், எந்தப் பண்பு எந்தப் பக்கம் சேர்கிறது என்பது மாறக்கூடியது. ஹை நூன் (1952) படத்தில் நகர மக்கள் தம்மைக் காக்கும் காவல் அதிகாரிக்கு உதவ மறுக்கின்றனர். அவர் எதிரிகளை வென்றபின் தம் பதவிச் சின்னத்தை மண்ணில் எறிந்துவிட்டு வெளியேறுகிறார். இங்கு சமூகம் எளியது மட்டுமன்று, நல்லதும் அன்று. த வைல்ட் பன்ச் (1969) போன்ற பிற்காலப் படங்களில் கூலிக்குப் போரிடும் தேர்ச்சி பெற்ற குழுவினரே கதையின் மையமாகின்றனர். அமெரிக்கப் பொருளாதாரம் தனிமனிதச் சந்தையிலிருந்து பெரு நிறுவனங்களின் திட்டமிட்ட அமைப்புக்கு நகர்ந்ததோடு இம்மாற்றத்தை ரைட் தொடர்புபடுத்தினார்.

விடுபட்டவர்கள்

ஷேன் படத்தில் ரைக்கரும் ஸ்டாரெட்டும் நிலம் யாருக்கு உரியது என்று வாதிடும் காட்சி உண்டு. தாமே முதலில் வந்து துன்பப்பட்டதாக ரைக்கர் கூறுகிறார். செயென் பழங்குடியினரின் அம்பு தம் தோளில் தைத்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அந்நிலத்தில் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்கள் இவ்வாறு பேச்சில் மட்டும் இடம்பெறுகின்றனர். உழவரா மந்தை உரிமையாளரா என்னும் எதிர்வுக்குள் கதை அமைந்தவுடன், நிலம் இவ்விருவரில் ஒருவருக்கே உரியது என்பது கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது. பழங்குடியினர் திரையில் தோன்றும் பல படங்களிலோ, அவர்கள் காடு, கொடுமை ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கப்பட்டனர். முதல் வகையில் அவர்கள் எதிர்வுக்கு வெளியே தள்ளப்பட்டனர். இரண்டாம் வகையில் எதிர்வின் தாழ்ந்த பக்கமாக ஆக்கப்பட்டனர்.

ஜேம்ஸ் பாண்ட் கதைகள்

இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ (1932–2016), 1965இல் வெளிவந்த கட்டுரையில் இயான் பிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களை 14 இணைகளாகப் பகுத்தார். பாண்ட்–எதிரி, காதல்–சாவு, தற்செயல்–திட்டம், விசுவாசம்–துரோகம் என்பன அவற்றுள் சில. சதுரங்கத்தில் காய்கள் நகர்வது போல, இவ்விணைகள் வரிசை மாறிமாறி வந்து கதையை நடத்துகின்றன. முடிவு முன்னரே தெரிந்திருப்பதே வாசகருக்கு இன்பம் தருகிறது.

தீயவரின் இடத்தில் எந்த நாட்டவரை வைக்கிறார் என்பதைக் கொண்டு மட்டும் பிளெமிங்கைப் பிற்போக்காளர் எனக் கூற இயலாது என்பது எக்கோவின் முடிவு. மனிதரை ஆயத்த வார்ப்புகளாகப் பிரித்து உலகைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் முறையிலேயே அப்பிற்போக்கு உள்ளது என்று அவர் கருதினார்.

விளம்பரத்தில்

ஜூடித் வில்லியம்சன் 1978இல் வெளியிட்ட நூல் விளம்பரங்களை அமைப்பியல் நோக்கில் ஆராய்ந்தது. இரு நறுமணத் திரவ விளம்பரங்களை அவர் ஒப்பிட்டார். சனெல் நிறுவனத்தின் 5ஆம் எண் திரவத்திற்குப் பிரெஞ்சு நடிகை கத்தரீன் தெனேவின் முகம் பயன்படுத்தப்பட்டது. பேப் என்னும் திரவத்திற்கு அமெரிக்க விளம்பர அழகி மார்கோ ஹெமிங்வே பயன்படுத்தப்பட்டார். அவர் கராத்தே வீரரைப் போன்ற தோற்றத்தில், துடிப்பு மிக்கவராகக் காட்டப்பட்டார்.

அச்சிட்ட தாளில் மணத்தைக் காட்ட இயலாது. இரண்டு திரவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் சொற்களால் எளிதில் விளக்க முடியாது. எனவே விளம்பரம் மக்கள் ஏற்கனவே அறிந்த இரு முகங்களின் வேறுபாட்டைக் கடன் வாங்குகிறது. தெனேவ் அடக்கமான பிரெஞ்சு நயத்தைக் குறிக்கிறார் என்றால், ஹெமிங்வே அவ்வாறு இல்லாததைக் குறிக்கிறார். ஒருவர் இல்லையேல் மற்றவரின் பொருள் மங்கிவிடும். மனிதர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு இவ்வாறு பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடாக மாற்றப்படுகிறது. வாங்குபவர் தாம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதைத் தேர்ந்தெடுப்பதாக உணர்கிறார். இரண்டும் நறுமணத் திரவமே என்பதும், இரண்டையும் வாங்காமலும் இருக்கலாம் என்பதும் அவ்வெதிர்வுக்குள் இடம்பெறுவதில்லை.

செய்தியில்

நாமும் அவர்களும்

கதையிலும் விளம்பரத்திலும் எதிர்வுகள் புனையப்பட்டவை என்பது வாசகருக்கு ஓரளவு தெரியும். செய்தியில் அவை உண்மை நிகழ்வின் பகுதியாகவே தோன்றுவதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1991 சனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது, பிரித்தானியாவின் கார்டியன் நாளிதழ் அந்நாட்டு இதழ்கள் பயன்படுத்திய சொற்களை இரு பத்திகளாகத் தொகுத்து வெளியிட்டது. பிரித்தானியருக்கும் நேச நாடுகளுக்கும் தரைப்படை, கடற்படை, வான்படை இருந்தன. ஈராக்கியரிடம் போர் இயந்திரம் இருந்தது. முன்னவரிடம் செய்தி வெளியீட்டு நெறிமுறைகள் இருந்தன. பின்னவரிடம் தணிக்கை இருந்தது. முன்னவர் செய்தியாளர்களுக்கு விளக்கம் அளித்தனர். பின்னவர் பரப்புரை செய்தனர். ஒரே வகைச் செயல், அதனைச் செய்பவர் எதிர்வின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு பெயர் பெற்றது.

1991 பெப்ரவரி 13 அன்று பக்தாத்தின் அமிரியா பகுதியில் இருந்த புகலிடம் ஒன்று அமெரிக்க வான்படையின் குண்டுகளுக்கு இலக்காகி, 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். அது படைத்துறைக் கட்டுப்பாட்டு மையம் என்று அமெரிக்கா கூறியது. குடிமக்களின் புகலிடம் என்று ஈராக் கூறியது. இரு அரசுகளில் எது உண்மை சொல்கிறது என்னும் வாதம் எழுந்தது. இறந்தவர்கள் அப்போரின் எந்தப் படையையும் சேராதவர்கள். நாம்–அவர்கள் என்னும் எதிர்வில் அவர்களுக்கு இடம் இல்லாமையால், அவர்களது மறைவு ஒரு தரப்பின் பரப்புரையாக மட்டும் பேசப்படும் நிலை ஏற்பட்டது.

நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் (1930–2024) முன்வைத்த அமைதி இதழியல் என்னும் கருத்து இக்குறையைக் களைய முயல்வதாகும். பிணக்கை இரு தரப்பினரின் வெற்றி தோல்வியாகக் காட்டாமல், அதில் தொடர்புடைய எல்லாத் தரப்பினரையும், அவர்களது வெவ்வேறு தேவைகளையும், போரினால் துன்புறும் மக்களையும் செய்தியில் கொண்டுவர வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது.

இரு தரப்பு என்னும் வடிவம்

பகைமையால் மட்டுமன்றி, நடுநிலை பேணும் நோக்கத்தாலும் எதிர்வுகள் உருவாகலாம். ஒரு செய்தியில் ஆதரவு, எதிர்ப்பு ஆகிய இரண்டையும் சமமாகத் தருவது இதழியலின் நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் ஆகிய சகோதரர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு முன்னணி அமெரிக்க நாளிதழ்களில் 1988 முதல் 2002 வரை வெளிவந்த புவி வெப்பமாதல் குறித்த செய்திகளை ஆராய்ந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, மனிதச் செயல்களே வெப்பமாதலுக்குக் காரணம் என்பதற்கும், இயற்கை மாற்றமே காரணம் என்பதற்கும் ஏறத்தாழச் சம இடம் கொடுத்திருந்தன. அறிவியலாளரிடையே அக்காலத்திலேயே முதற்கருத்துக்குப் பெரும் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. இரண்டு என்னும் எண்ணே இங்கு பிழையான பொருளை உண்டாக்கியது. சான்றுகளின் எடை எவ்வளவு என்பது அவ்வடிவத்தில் மறைந்துபோயிற்று.

தமிழில்

தமிழில் அமைப்பியலை விரிவாக அறிமுகம் செய்த நூல்களுள் தமிழவன் எழுதி 1982இல் வெளிவந்த 'ஸ்ட்ரக்சுரலிசம்' குறிப்பிடத்தக்கது. அதனைத் தொடர்ந்து சிற்றிதழ்களில் அமைப்பியல், பின்அமைப்பியல் ஆகியவை குறித்த விவாதங்கள் நடைபெற்றன.

தமிழ்த் திரைப்படங்களில் வரும் இரட்டை வேடம் இருமை எதிர்வின் தெளிவான வடிவங்களுள் ஒன்று. தெலுங்கில் 1964இல் வெளிவந்த 'ராமுடு பீமுடு' படத்தின் தமிழ் வடிவமான 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் அச்சம் நிறைந்த ராமுவாகவும் துணிவுமிக்க இளங்கோவாகவும் நடித்தார். இருவருக்கும் முகம் ஒன்றே. எனவே உடை, நடை, பேச்சு ஆகியவற்றின் வேறுபாடே பாத்திரங்களை உருவாக்குகிறது. ராமுவை அடக்கிவைக்க கஜேந்திரன் பயன்படுத்தும் சவுக்கு, இளங்கோவின் கைக்கு மாறும்போது அதன் பொருளும் மாறுகிறது. அதுவரை கொடுமையைக் குறித்த பொருள், அதன்பின் நீதியைக் குறிக்கிறது. சொத்தை நல்லவர் ஆள்வதா தீயவர் ஆள்வதா என்பதே இங்கு கதையின் கேள்வியாக அமைகிறது. சொத்துடைமை என்னும் ஏற்பாடு அக்கேள்விக்குள் வருவதில்லை.

திறனாய்வுகள்

பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா (1930–2004), அமைப்பியலின் அடிப்படைகளைக் கேள்விக்கு உள்ளாக்கினார். 1966இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரை பின்அமைப்பியலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எதிர்வின் இரு பக்கங்களும் அமைதியாக அருகருகே இருப்பதில்லை; ஒன்று மற்றொன்றை அடக்கி ஆள்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். உயர்ந்த பக்கம் தன் நிலைக்குத் தாழ்ந்த பக்கத்தையே சார்ந்திருப்பதால், அவ்வடுக்கு உறுதியற்றது என்பதும் அவரது வாதம்.

பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் எலன் சிக்ஸூ 1975இல் எழுதிய கட்டுரையில், செயல்–செயலின்மை, பகல்–இரவு, பண்பாடு–இயற்கை, அறிவு–உணர்ச்சி முதலிய இணைகள் அனைத்தும் ஆண்–பெண் என்னும் இணையோடு ஒட்டி அமைந்து, ஒவ்வொன்றிலும் பெண் தாழ்ந்த பக்கத்தில் வைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். எட்வர்டு சையது 1978இல் வெளியிட்ட கீழைத்தேயவியல் குறித்த நூல், ஐரோப்பா தன்னை வரையறுத்துக் கொள்வதற்காகக் கிழக்கு என்னும் எதிர்ப்பக்கத்தைப் படைத்துக்கொண்டதை ஆராய்ந்தது.

வேறு சில குறைகளும் சுட்டப்பட்டுள்ளன. இம்முறை படைப்பின் உள்ளமைப்பையே நோக்குவதால், அது தோன்றிய வரலாற்றுச் சூழலைப் புறக்கணிக்க நேரிடுகிறது. எந்தக் கதையிலும் ஆய்வாளர் தாம் விரும்பும் இணைகளைக் கண்டுவிட முடியும் என்பது மற்றொரு குறை. பார்வையாளர் அனைவரும் ஒரே பொருளைப் பெறுவதும் இல்லை. ஸ்டுவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த கருத்தின்படி, பார்வையாளர் ஊடகம் உணர்த்த விரும்பும் பொருளை ஏற்கலாம், பகுதியளவில் ஏற்கலாம், அல்லது எதிர்த்தும் வாசிக்கலாம்.

பகுப்பாய்வு செய்யும் முறை

ஓர் ஊடகப் படைப்பை இருமை எதிர்வின் அடிப்படையில் ஆராயும் மாணவர்கள் பொதுவாகப் பின்வரும் படிகளைப் பின்பற்றுகின்றனர்:

1. படைப்பில் திரும்பத் திரும்ப வரும் இணைகளைப் பட்டியலிடுதல். உரையாடல் மட்டுமன்றி உடை, நிறம், ஒளி, இடம், இசை ஆகியவற்றிலும் இவை அமையும்.
2. எந்த இணை எந்த இணையோடு சேர்கிறது என்று காணுதல். எடுத்துக்காட்டாக, நகரம்–சிற்றூர் என்பது தீமை–நன்மை என்பதோடு சேர்கிறதா அல்லது அறிவு–அறியாமை என்பதோடு சேர்கிறதா என்று நோக்குதல்.
3. எந்தப் பக்கம் இயல்பானதாகவும், எந்தப் பக்கம் தனியே பெயரிடப்படுவதாகவும் உள்ளது என்று அறிதல்.
4. இரு பக்கங்களுக்கும் இடையில் நிற்கும் பாத்திரம் அல்லது பொருள் எது, முடிவில் அதற்கு என்ன நேர்கிறது என்று கவனித்தல்.
5. இரு பக்கங்களையும் இடம் மாற்றிப் பார்த்தல். செய்தித் தலைப்பில் ஒரு தரப்புக்குப் பயன்படுத்திய வினைச்சொல்லை மறுதரப்புக்குப் பயன்படுத்தினால், எதிர்வு எங்கே வேலை செய்கிறது என்பது வெளிப்படும்.
6. எந்தப் பக்கத்திலும் இடம்பெறாதவர் யார், கேட்கப்படாத கேள்வி எது என்று தேடுதல்.

இவற்றுள் முதல் ஐந்து படிகளுக்கும் படைப்பினுள்ளேயே விடை கிடைத்துவிடும். ஆறாவது படிக்கு விடை காண, அப்படைப்பு எதைப் பற்றிப் பேசுகிறதோ அதனைக் குறித்து வேறு வழிகளிலும் அறிந்திருத்தல் தேவையாகிறது.